கட்டைவிரலுக்கு ஒரு ஈ.சி.ஜி.

ஈ.சி.ஜி. எடுப்பவன் வேலையில் பாதி ஒயர் மாட்டுவது, மீதிப் பாதி ‘பேசாமப் படுங்க’ என்று கெஞ்சுவது. லேப், ஸ்கேன், எக்ஸ்ரே என்று குப்பை கொட்டும் சகாக்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உத்திரமேரூரில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் நான் இருக்கிறேன். என்னை அதிகம் படுத்தியவர் சாலவாக்கத்து ஏகாம்பரம். நெல் அறுக்கும் மிஷினை வாடகைக்கு ஓட்டுபவர்.

கால் கிளிப்

கால் கட்டைவிரல் தக்காளியாய்ச் சிவந்து வீங்க, ஒற்றைச் செருப்போடு, மனைவி கோமளாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். யூரிக் ஆசிட் ஏறி மூட்டில் படிகிற ‘கவுட்’ என்றார் டாக்டரம்மா. கவுட் இருந்தால் மாரடைப்பு வரவும் வாய்ப்பு அதிகமாம். பிரஷரும் எகிறியிருந்ததால் என்னிடம் அனுப்பினார்.

கணுக்காலில் கிளிப் மாட்டியதும் ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன், வந்ததே கோபம்! கிளிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தார். “வலி கால்ல கீது. கால்ல மாட்னியே, அத்தோட வுடு. மாரு உன்ன இன்னா பண்ணிச்சு?”

திருத்தணி முடி

மாத்திரையில் வீக்கம் வடிந்தது, ஈ.சி.ஜி. எடுக்காமலே ஆளைக் காணோம். அடுத்த அறுவடையில் அதே விரல் மறுபடி வீங்கியது. கோமளா இழுத்து வந்துவிட்டார். காலையிலிருந்து வியர்த்துக் கொட்டுகிறது, இடது தோளும் வலிக்கிறது என்றார். அது ஸ்டியரிங் பிடித்த வலி என்று ஏகாம்பரம் அடித்துச் சொன்னார்.

மார்பில் முடி அடர்த்தி. ஒயர் நுனியிலுள்ள ரப்பர் குமிழ் ஒட்டாமல் விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் மழிக்கலாமென்று பிளேடை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார். “முடி குடுக்கறதுன்னா திருத்தணிக்கு குடுப்பேன். உனக்கு இன்னாத்துக்கு?”

ஓடிய பேப்பர்

கோமளா போட்ட அதட்டலில் வழிக்கு வந்தார். பேப்பர் ஓட ஆரம்பித்தது. கோடுகள் சரியில்லை. நோயாளியிடம் அதைச் சொல்ல நமக்குத்தான் உரிமை கிடையாதே! கிழித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

மாரடைப்பேதான். விரல் வலியில் மற்றதை ஏகாம்பரம் கண்டுகொள்ளவில்லை. உடனே மாத்திரை கொடுத்து 108-ஐக் கூப்பிட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது கோமளா என் கையைப் பிடித்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. “தம்பி, உங்கிட்ட சண்ட போட்டாரே, அதே மாதிரி திரும்பி வந்துடுவாரு இல்ல?”

பல் வலி

வந்துவிட்டார். செங்கல்பட்டில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். யூரிக் ஆசிட்டுக்கு ஒன்று, நெஞ்சுக்குச் சில என்று பை நிறைய மாத்திரை. கூடவே, கன்னத்தைப் பிடித்தபடி அவர் மச்சான். பல் டாக்டர் எதிர்த் தெருவில் இருக்கிறார் என்றேன். ஏகாம்பரம் காதில் வாங்கவில்லை. மச்சானைப் படுக்கவைத்து, அவரே பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். “பல்லு கெடக்குது தம்பி, மொதல்ல மார பாரு. முடி இருந்தா செரச்சுடு, நான் புடிச்சுக்கறேன்!”

சாலவாக்கத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். பேசாமல் படுக்கிற ஆள்தான் இன்னும் ஒருவரும் வந்தபாடில்லை.