கடைசி எபிசோடை அழித்தது யார்?

மும்பை மாட்டுங்கா வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கிற கறுப்புப் பெட்டி என் கைவேலை. ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தைப் பிடித்துவைக்கும் கார்டு ஒன்றை அதில் சொருகினேன். ஹார்ட் டிஸ்க் கடகடத்தது. அடியில் ரப்பர் துண்டு வைத்தேன். தானாகச் சேனல் மாற்ற, ரிமோட் மாதிரி வேலை செய்யும் குட்டி பல்பை செட்டாப் பாக்ஸ் முகத்தில் டேப் போட்டு ஒட்டினேன்.

"ஒரு சீரியலுக்கு இத்தனை அமர்க்களமா?" என்றார் என் கணவர்.

அந்தச் சீரியலில் என் தங்கை நடிக்கிறாள். நான் லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வரும். சின்ன சேனல், போனில் தேடினாலும் கிடைக்காது. நடிக்கப் போகிறேன் என்று அவள் சென்னைக்குக் கிளம்பிய நாளிலிருந்து அப்பா அவள் பேரை எடுப்பதில்லை. அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அதனால் அவளோடு நான் பேசுவதெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் நின்றுகொண்டுதான்.

"இந்த வாரத்தோட என் ரோல் முடியறது, அக்கா. வெள்ளிக்கிழமை கடைசி. அதை மட்டும் பத்திரமா எடுத்து வை. அடுத்தது கெடைக்குமோ என்னமோ" என்றாள். அதை எப்படியாவது காப்பாற்றி வைத்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் அந்த எபிசோடைக் காணோம். பல்பு ஒட்டினபடியே இருந்தது. கரண்டும் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மறுஒளிபரப்பு. நான் அரைநாள் ஆபீஸ் முடித்து வருவதற்குள் அதுவும் மாயம்.

"கிரிக்கெட்டுக்கு இடம் பண்ணினேளா?" என்று கணவரைப் பிடித்தேன்.

"அரே, என்னை ஏன் இழுக்கறே? அந்த மெனுவே எனக்குப் புரியாது."

அது உண்மை. மிச்சம் இருந்தது அப்பா. போன வாரம் பேச்சுவாக்கில், "அந்தப் பொட்டி எத்தனை நாளைக்கு வெச்சுக்கும்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. ரிமோட் வேறு அவர் நாற்காலிக் கையில் கிடந்தது.

"அப்பா, நீங்க பொட்டியைத் தொட்டேளா?"

"நான் எதுக்குத் தொடறேன்?" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் இருமினாலும் எனக்குச் சந்தேகம், காபியை மெதுவாகக் குடித்தாலும் சந்தேகம். பெற்ற பெண் மேல் அப்படி என்ன வன்மம்! பேரைக்கூட எடுக்காமல் ஒதுக்கினது போதாதா, முகத்தைக்கூட மிச்சம் வைக்கக் கூடாதா என்று பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன்.

ஞாயிறு காலை அந்த வாரத்து எபிசோடுகளை மொத்தமாகப் போடுவார்கள். அதை விட்டால் வேறு வழியில்லை. சனி ராத்திரி பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, பதிவாவதெல்லாம் அதிலும் ஒரு காப்பி விழும்படி செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் கணவரையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கும் காய்கறிக்கும் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வெள்ளிக்கிழமைப் பகுதி மட்டும் அழிந்திருந்தது. வீட்டில் அப்பா ஒருத்தர்தான் இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அழிச்சுட்டதா நெனச்சிண்டிருக்கேளா? இன்னொண்ணு இருக்கு. நீங்களும் உக்காந்து பாருங்கோ!" என்று காப்பியைப் போட்டேன்.

திரையில் என் தங்கை தரையில் கிடந்தாள். கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தலைமாட்டில் விளக்கு. சுற்றிலும் யார் யாரோ அழுதார்கள்.

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நிறுத்துடி! உசிரோட இருக்கற கொழந்தைக்கு மாலையைப் போட்டுக் கெடத்திருக்கான். அதைப் போய் ஆத்துல சேத்து வெக்கறயே, ஒனக்குப் புத்தி இருக்கா?"

நிறுத்தினேன். "மத்ததெல்லாம்..."

"மத்ததுல கை வெச்சேனா? போய்ப் பாரு."

பார்த்தேன். முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, முழுதும் பார்த்தாயிற்று என்பதற்கான பச்சைக் குறி. நான் பார்க்காமல் விட்டதற்கும் இருந்தது.

"அவளுக்குப் போன் போடு" என்றார் அப்பா, சுவரிடமே. "சௌக்கியமா இருக்காளான்னு கேளு."

"நீங்களே கேளுங்கோளேன்."

"நான் பேசமாட்டேன். ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "சொல்லுக்கா" என்று அவள் குரல் வந்ததும், சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்த அப்பா அவசரமாக எழுந்துபோய், கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார்.