வழுக்காத பாத்ரூம்

என் சித்தி அடிக்கடி வழுக்கி விழுவாள். புருஷன் வீட்டிலிருந்து போத்தனூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உதடு வீங்கியிருக்கும், இல்லாவிட்டால் கண்ணோரம் கன்றியிருக்கும். கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பாள். அந்த பாத்ரூமை ஒருதரம் தேய்த்துக் கழுவினால் என்ன கேடு என்று எனக்குக் கோபமாக வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்தக் கோடையில் வலது கையில் மாவுக்கட்டோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வந்து கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொல்லியனுப்பியிருந்தார். "நாலு பேரு வந்து கேட்டா அனுப்பாம இருக்க முடியுமா?" என்று அப்பா பேப்பருக்குள்ளிருந்து சொன்னார். சித்தி அம்மாவின் மடியில் படுத்து, "இந்தத் தடவ போனா நான் திரும்பி வரமாட்டேன்க்கா" என்று அழுதாள். வராவிட்டால் அங்கேயே இருக்கப்போகிறாள், அதற்கு ஏன் அழவேண்டும் என்று நினைத்தேன்.

ஒரே வாசலைச் சுற்றி நாலைந்து வீடுகள் கொண்ட வளவு எங்களுடையது. முன்வீடு, தோட்டம் துரவு உள்ள வீட்டுக்கார அம்மாவுடையது. பக்கத்து வீட்டில் பால்வாடி டீச்சர். காட்டுவேலை செய்த தாய் படிக்கவைத்த மகள்; கழுத்தில் சிலுவைச் சங்கிலி. குழாயடியில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். அன்று இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். சித்தியின் தோளைப் பார்த்த டீச்சர், "வழுக்கி உழுந்தா வெரல் அச்சு உழுகாதுங்க அம்மணி" என்றார். "ஆனமலைக்குப் போயி மொளகா அரச்சுப்போட்டு வந்தர்லாம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

அநியாயத்துக்கு ஆளானவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்து, அங்குள்ள கல்லில் பூசி நியாயம் கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. பஸ், ஜன்னலோரம், கட்டுச்சோறு. இதைவிட என்ன வேண்டும்?

கோவிலில் சித்தியால் ஒரு கையால் அரைக்க முடியவில்லை. அம்மா குழவியை வாங்கினாள். பிறகு வீட்டுக்கார அம்மா. பிறகு டீச்சரும் உட்கார்ந்தார். சித்தி தயங்க, "கை என்னுது, வேண்டுதல் உன்னுது. நீ சாமியப் பாரு கண்ணு" என்றார். திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் எரிகிற கைகளை ஜன்னல் காற்றில் நீட்டிக்கொண்டு ஏதோ குசுகுசுவென்று பேசிவந்தார்கள்.

ஞாயிறன்று சித்தப்பா மொடமொடவென்ற வேட்டியில் வந்தார். பெரியவர்கள் காப்பி குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமியபோது டீச்சர் முன்னால் வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? மொளகா அரச்சவ, தீர்ப்பு கெடைக்கிற வரைக்கும் எதிராளி ஊட்டு வாசப்படிய மிதிக்கக்கூடாதுங்க. மிதிச்சா அந்த ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுங்க."

"ஆமாங்க, பூசாரியே சொன்னாருங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

பூசாரி சொன்னது "தள்ளி நில்லுங்க" மட்டும்தான். கூடவே இருந்தவள் நான்! அதைச் சொல்ல வாய் திறந்தபோது அம்மா ஒரு முழு முறுக்கை என் வாயில் திணித்தாள். யாருக்கும் பயப்படாத சித்தப்பா பெரியவர்கள் முகத்தைப் பார்த்தார். பெரியவர்கள் எழுந்து துண்டை உதறினார்கள். "அப்ப மாசாணியம்மாவே தீர்ப்புச் சொல்லட்டும்" என்று கிளம்பிவிட்டார்கள். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் அவள் எங்களோடேயே இருந்தாள். டீச்சர் சேர்த்துவிட்ட தையல் வகுப்புக்குப் போனாள். எங்கள் வளவு பாத்ரூமில் பாசி படிந்து, அப்பாவே இரண்டு முறை விழுந்து எழுந்திருக்கிறார். சித்தி மட்டும் ஒருநாளும் வழுக்கி விழவில்லை. அது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது.