கைக்குள் வந்த பந்து

துணி உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். உள்ளே அணியின் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து உருள்கின்றன. "சூடு போதுமா தம்பி?" என்றால், "இன்னும் கொஞ்சம் அக்கா. விரலுக்கு இப்பதான் விடியுது" என்பார்.

எங்கள் கால்பந்துக் கிளப்பின் கோல்கீப்பர் அவர். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் 'பசை'. சில மாதங்களாக மைதானத்தில் இறங்க அனுமதியில்லை. ஆனால் தினமும் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அதனால் கேலரிக்கு அடியில் இருக்கும் எங்கள் சலவை அறைக்கு வந்துவிடுகிறார். பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, உள்வெளியாகக் கிடக்கும் காலுறைகளைத் திருப்பித் தருவார். ஜோடி சேர்க்க மட்டும் வராது. ஒரு நெட்டையையும் ஒரு குட்டையையும் சேர்த்துவிட்டு, "ரெண்டுக்கும் மனசு ஒத்துப்போயிருச்சு, பிரிக்காதீங்க" என்பார்.

விவகாரம் இதுதான். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் அவர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி. கடைசி ஆட்டத்தில், மழையில், அவர் கைக்குள் வந்த பந்து நழுவி வலைக்குள் போனது. அணி இறங்கியது. கடலோர ஊர்க் கிளப் ஒன்று அவரைக் கேட்டு வந்தது. போவதற்காக வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்று எங்கள் கிளப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு கிளப்பும் கால்பந்துச் சங்கத்தின் தீர்ப்புக் குழு முன்னால் மல்லுக்கு நிற்கின்றன.

கேலரியில் இப்போது அவர் பேர் 'எண்ணெய்'. கூட ஆடியவர்கள் அழுக்குத் துணி போட வரும்போது, "என்ன பசை, காஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இவர் சிரிப்பார். அவர்கள் போன பிறகும் அந்தச் சிரிப்பை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பார்.

மத்தியானம் மனைவி ஃபோனில் வருவார். "பாத்திரத்தைக் கட்டவா, அவிழ்க்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைங்க. ஒத்தைக் கரண்டிய வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுறது?"

ஆட்ட நாளில் எங்கள் தலைக்கு மேல் கூட்டம் குதிக்கும். வாளித் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கும். இவர் தோள் தானாக இடப்பக்கம் சாயும், வலப்பக்கம் சாயும். மேலே வெயிலடிக்கும், இவருக்குள் மழை பெய்துகொண்டிருக்கும்.

"பந்து நிலா மாதிரி மெதுவா வந்துச்சு அக்கா. கைக்குள்ள இருந்துச்சு. அப்புறம் பின்னாடி கிடந்துச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியல."

சில நாள் வழுக்கியது என்பார். சில நாள், "அந்த நேரம் கடல் நினைப்பு வந்துச்சோ என்னமோ" என்பார். "இதை வெளியில உளறிடாதீங்கன்னு வக்கீல் சொல்லியிருக்கார்" என்று கொடியில் தொங்கும் சட்டைகளிடம் சொல்வதுபோல் சொல்வார். வயது முப்பத்து மூன்று. இந்த வருஷமும் ஆடாமல் போனால் அப்புறம் எந்தக் கிளப்பும் சீந்தாது.

நேற்று தீர்ப்பு வந்தது.

"போகலாமாம் அக்கா."

"அப்பாடா! வேணும்னு விடலைன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"அதைச் சொல்லல. ஒருத்தன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியாதாம். அதனால போகலாமாம்."

மனைவிக்கும் சொன்னார். மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் என் காதுவரை வந்தது.

வாசல்வரை கூடப் போனேன். காவலாளி அண்ணன் இவருடைய பைக்கை நிழலில் தள்ளி நிறுத்தியிருந்தார். "டேய் பசை, பிடிடா!" என்று ஆசை ஆசையாகச் சாவியைத் தூக்கிப் போட்டார். வெயிலில் மினுங்கிக்கொண்டு அது மெதுவாகத்தான் வந்தது. இவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அது தரையில் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து எடுத்தார்.