செருப்புக் காவல்

எங்கள் அலுவலகத்தில் வருடம் ஒரு மலை ஏறுவது வழக்கம். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய், சாமி கும்பிட்டுவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். 'எல்லோரும்' என்று சொல்வதே பொய். ஏறுகிறவர்கள் அவர்கள். நான் அடிவாரத்தில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருப்பேன்.

எனக்கு இடது கால் சூம்பல். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். சாய்ந்து சாய்ந்து நடப்பேன், அவ்வளவுதான். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ்ஸின் அந்த உயரப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளை விட நிற்கிற நாள்தான் அதிகம். அந்தப் படிகளில் என்னைப் பார்த்து இதுவரை ஒருவரும் பதறியதில்லை. கையெழுத்துப் போட ஏறினால் முடிகிறவள், கோயிலுக்கு ஏறினால் முடியாதவள். இது என்ன நியாயம்?

'முடியாதவங்க' என்ற அந்த வார்த்தை எங்கள் சூப்ரண்டு உபயம். முதன்முதலில் மலைக்கோட்டைக்குப் போனபோது, கீழே மாணிக்க விநாயகர் சன்னதியில் நின்று அறிவித்தார்: "முடிஞ்சவங்க எல்லாம் வாங்க. முடியாதவங்க கீழயே இருந்து செருப்பைப் பாத்துக்கோங்க." பன்மையில்தான் சொன்னார். கீழே இருந்தது நான் ஒருத்தி. மரியாதைப் பன்மை போலிருக்கிறது.

அடுத்த வருடம் குளித்தலைப் பக்கம் அய்யர்மலை. அதே அறிவிப்பு, அதே காவல். அதற்குப் பின் வந்த வருடங்களிலும் அப்படியேதான். மேலே எடுத்த போட்டோ மத்தியானமே வாட்ஸ்அப்பில் வந்து விழும். 'நம் அலுவலகக் குடும்பம்' என்று அடியில் எழுதியிருக்கும். அந்தக் குடும்பத்தில் என்னைத் தேடினால் கிடைக்கமாட்டேன். வீட்டில் காட்டக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தேன். அந்தப் போட்டோவில் நானும் நிற்க வேண்டும். எந்த மலை என்று பேச்சு வந்ததுமே முந்திக்கொண்டு துறையூர் பெருமாள்மலை என்றேன். துள்ளி ஏறுகிறவர்களுக்கு ஆயிரத்துக்கு மேல் படி இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கும் எனக்கும் கோயில் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, வேன் போகும். யார் எப்படி வந்தாலும் வாசலில் ஒன்றாக நிற்கலாம். பச்சைமலை அருவி என்று இரண்டு பேர் இழுத்தார்கள். "வழுக்குப் பாறையில பாதிப் பேர் இறங்க மாட்டீங்க" என்று வாயை அடைத்தேன். கடைசியில் பெருமாள்மலைதான் முடிவானது.

"வேன்தான் சொல்லணும் சார். பெரிய பஸ் மேல ஏறாது" என்று சூப்ரண்டிடம் மூன்று தடவை சொன்னேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார்.

பார்த்துக்கொண்ட லட்சணம், ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெரிய டூரிஸ்ட் பஸ் நின்றது. அவர் மச்சான் குடும்பமும் வருகிறதாம், வேன் பத்தாதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அடிவாரத்தில் டிரைவர் கையை விரித்தார். ஆட்டோ ஏதாவது வருமா என்று சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மூட்டுவலிக்காரர்கள்கூட ரோஷத்தில் படிப்பக்கம் நகர்ந்துவிட்டார்கள். செருப்புகள் வேப்பமரத்தடியில் குவிந்தன. சூப்ரண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், முடியாதவங்க..."

"முடியாது" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு முடியாது. அதனால இங்கயே..."

"செருப்பைப் பாத்துக்க முடியாதுன்னு சொல்றேன் சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இங்க குரங்கு ஜாஸ்தி மேடம், தூக்கிட்டுப் போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். என் செருப்பையும் கழற்றி அந்தக் குவியலில் போட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்தேன்.

சுலபமாக ஏறினேன் என்று சொன்னால் பெருமாளே சிரிப்பார். பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் அதைப் பிடித்தேன், இல்லாத இடத்தில் கையை ஊன்றினேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. பாதியில் அழுகைகூட வந்தது. கீழே இறங்கிவிடலாமா என்று நினைத்தபோதெல்லாம் அந்தச் செருப்புக் குவியல்தான் கண்ணில் நின்றது, மறுபடி எழுந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தரிசனம், புளியோதரை, போட்டோ எல்லாம் முடிந்திருந்தது. "இன்னொண்ணு எடுங்க" என்றேன். எழுந்து நின்றார்கள். நான் நட்ட நடுவில் நின்றேன், தலை கலைந்து, புடவை முழுக்க அழுக்கு. சூப்ரண்டு மட்டும் போட்டோவில் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். மனசு செருப்பில்.

இறங்கி வரப் பொழுது சாய்ந்துவிட்டது. வேப்பமரத்தடியில் எல்லாச் செருப்பும் கழற்றிப் போட்டது போட்டபடி கிடந்தன. குரங்கும் தொடவில்லை, மனுஷரும் தொடவில்லை.

"பரவாயில்லையே, அப்படியே இருக்கே!" என்று சூப்ரண்டு சந்தோஷமாகத் தன்னுடையதை மாட்டிக்கொண்டார்.

மலை ஏறியபோது வராத ஆத்திரம் எனக்கு அப்போதுதான் வந்தது. யாருமே எடுக்காத செருப்புக்குத்தான் இத்தனை வருடம் என்னைக் கீழே உட்கார வைத்திருக்கிறார்கள்.