ஏழு நிமிடம் முந்திய மணி

பிப்ரவரி 9. கடிதம், எண் 21.
மார்ச் 4. பேருந்து நிலைய டீக்கடை. டீ 12.
மார்ச் 6. நூலகத்துக்கு எதிர்க்கடை. காப்பி 18. சூடு போதாது.
மார்ச் 11. மணிக்கூண்டு. மேலே ஏற 5. படிகள் 96.
மார்ச் 13. பாலத்தடி பேக்கரி. பன் 10.
மார்ச் 19. மீன் வறுக்கும் கடை. துண்டு 35.
மார்ச் 20. அதே கடை. 35.
மார்ச் 23. ஏரி. படகு, ஆளுக்கு 40. டீ 15. சுமார்.
ஏப்ரல் 2. நகல் கடை. அறுபது தாள், 120.

இவை விசிலாரின் நோட்டில் உள்ளபடி. ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். வீட்டில் மற்றவர்கள் துணியும் பாத்திரமுமாக அலைந்துகொண்டிருந்தபோது, அவர் ஊரிலுள்ள கடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார். வெளியூரிலிருந்து நாற்பத்தாறு பேர் முதல் நாளே வருகிறார்கள். வந்தவர்கள் எங்கே என்ன சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம், எதைப் பார்க்கலாம், எந்தப் பேருந்தில் போய் எந்தப் பேருந்தில் திரும்பலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை. தானே போய்ப் பார்க்காத இடத்தையும், தானே குடிக்காத டீயையும் அவர் எழுதமாட்டார்.

"ஏங்க, பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க கடை கடையா நாக்க நீட்டிட்டுத் திரியிறீங்க. அந்த மீன் கடைக்கு எதுக்கு ரெண்டு தடவ?" என்றார் மனைவி.

"முதல் நாள் எண்ணெய் புதுசு. மறுநாளும் அப்படியே இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"பாத்தீங்களா, தின்னீங்களா?"

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

விசிலார் என்பது ஊர் வைத்த பெயர். பேருந்து டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவர். இத்தனை மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று பலகையில் இருந்தால், அந்த நொடியில் அவர் வாயில் விசில் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறாரா, கழிப்பறையில் இருக்கிறாரா என்பதெல்லாம் விசிலுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதல் எந்த வண்டி எப்போது போனது என்று சொந்த நோட்டிலும் எழுதினார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. வண்டிகளுக்குப் பதிலாக இப்போது பால், மழை, வீட்டுக்கு வரும் தபால் ஆகியவற்றைப் பதிகிறார்.

டிப்போ கடிகாரத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஏழு நிமிடம் முந்தி ஓடும். ஓட்டுநர்கள் டீக்கடையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். பிறகு யாரும் திருத்தவில்லை. வண்டிகள் அந்த மணிக்குத்தான் கிளம்பும். ஊர்க்காரர்கள் பலகையைப் பார்த்ததுமே மனதுக்குள் ஏழைக் கழித்துக்கொள்வார்கள். விசிலாருக்கு அந்தக் கழித்தலும் தேவைப்படவில்லை. வீட்டுச் சுவரிலும் கையிலும் அவர் வைத்திருந்தது டிப்போ மணிதான்.

அந்தத் தாள் நாற்பத்தாறு பேருக்கு என்று அவர் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அது இரண்டு பேருக்கு. அவருடைய தங்கச்சிக்கும் அவள் கணவருக்கும்.

இருபத்தொரு வருடத்துக்கு முன் அந்தத் தங்கச்சியின் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரும்ப, தனி வண்டி ஏற்பாடு செய்தவர் விசிலார். கிளம்பும் நேரம் மாலை ஆறு. ஆறுக்கு விசில் ஊதினார். வண்டி போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா நிலையத்துக் கடையில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். "எனக்கு நேரம் இருந்துச்சே!" என்று அவர் கத்தினார். "விட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் விசிலார். பெரியவர் தம்ளரை வைத்துவிட்டு, இனி இந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டேன், என் வீட்டு ஆட்களும் மிதிக்கமாட்டார்கள் என்று சொல்லி, வாடகைக் காரில் போனார்.

சொன்னபடியே நடந்தது. தங்கச்சியிடமிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் மட்டும் வரும். நலம், நலமா என்று இரண்டு வரி. பதிலும் இரண்டு வரி. இருவரிடமும் போன் இருந்தது. போன் என்றால் பேச வேண்டும். போன வருடம் பெரியவர் இறந்துபோனார். அதன் பிறகு வந்த இருபத்தோராவது கடிதத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது: "கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வருகிறோம். வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்."

அந்தப் "பிறகு பார்ப்போம்" விசிலாரை மார்ச் மாதம் முழுவதும் டீக்கடைகளில் உட்கார வைத்தது. தாளை மனைவி படித்தார், மகள் படித்தாள், நகல் கடைக்காரர் எழுத்துப்பிழை இரண்டைக் கண்டுபிடித்தார். வேறு குறை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஏரியிலிருந்து கடைசிப் பேருந்து 5.20 என்று அதில் இருந்தது.

சனிக்கிழமை விருந்தினர் வந்து இறங்கினார்கள். தங்கச்சி கணவரோடு விடுதி வாசலில் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது.

"அண்ணே" என்றாள்.

"வா. வாங்க மாப்ளே" என்று சொல்லி விசிலார் தாளை நீட்டினார்.

தங்கச்சியின் கணவர் வாசலிலேயே நின்று இரண்டு பக்கத்தையும் படித்தார். "மச்சான், டீக்கே மார்க் போட்டிருக்கீங்க. நாங்க ஏரிக்குப் போறோம். ஏழு மணி ரிசப்ஷனுக்கு வந்துடலாம்ல?"

"5.20 வண்டி. 5.55க்கு நிலையத்துல இருப்பீங்க. நானே வந்து நிக்கிறேன்."

நின்றார். வண்டி 5.55க்கு வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். அந்த இருவர் இல்லை.

நடத்துநர் அவரிடம் வேலை பழகியவர். "ரெண்டு பேரு தூரத்துல வந்தாங்க சார். அவரு கையத் தூக்கி ஆட்டினாரு. அந்தம்மா நிதானமா நடந்துதான் வந்தாங்க. நேரம் ஆயிடுச்சு, விசில் குடுத்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்."

"5.20ன்னு எழுதியிருக்கேனேய்யா. அவரு நேரம் தவறாத ஆளு மாதிரி தெரிஞ்சாரே."

"நான் கரெக்டா 5.20க்குத்தான் எடுத்தேன்."

விசிலார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "உன் போன்ல மணி என்ன?" என்று கேட்டார்.

"அஞ்சு நாப்பத்தெட்டு. ஏன் சார் புதுசா கேக்குறீங்க? டிப்போ மணி ஏழு நிமிஷம் முந்தின்னு ஊருக்கே தெரியுமே!"

ஊருக்குத் தெரியும். வெளியூருக்குத் தெரியாது. அறுபது தாளிலும் ஒவ்வொரு வண்டியும் ஏழு நிமிடம் தள்ளி இருந்தது. அங்கே நின்றபடி அவர் நிலையத்துக் கடையைப் பார்த்தார். இருபத்தொரு வருடத்துக்கு முன் அதே இடத்தில் ஒரு மனிதர் தம்ளரோடு நின்று, தனக்கு நேரம் இருந்தது என்றார். இருந்திருக்கிறது. ஏழு நிமிடம்.

வாடகைக் கார் பிடித்து ஏறியதும் மனைவிக்குப் போன் செய்தார். "தங்கச்சிய கூட்டிட்டு வரப் போறேன். ஏழு மணிக்கு நான் வாசல்ல நிக்க முடியாது. லேட்டாகும்."

"யாருங்க பேசுறது?" என்றார் மனைவி. "லேட்டாகும்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அந்த அம்மாள் கேட்டதே இல்லை.

ஏரிக்கரைக் கடையில் ஒரே ஒரு பெஞ்சு. இருவரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சியின் கணவர் தாளை எடுத்துக் காட்டினார். "சுமார்னு எழுதியிருக்கீங்க மச்சான். இது சுமாருக்கும் கீழ. நானும் மூணு குடிச்சுப் பாத்துட்டேன்."

விசிலார் உட்காரவில்லை. "மாப்ளே, உங்க அப்பா அன்னிக்கு லேட்டா வரல. அவரு வாட்ச் சரி. என் மணிதான் முந்தி. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

தங்கச்சியின் கணவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இத அவருகிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா."

"சாகிற வரைக்கும் அந்தக் காப்பியப் பத்தியே பேசிட்டிருந்தாரு. பாதிதான் குடிச்சாராம்."

தங்கச்சி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். கடைக்காரர் நான்காவது டீயை விசிலாரிடம் கொடுத்தார். அவர் அதை முழுவதும் குடித்தார். 6.41க்குக் கிளம்பி, மண்டபத்துக்கு 7.18க்கு வந்து சேர்ந்தார்கள். பதினெட்டு நிமிடத் தாமதம். நோட்டில் அப்படியே இருக்கிறது.

ஞாயிறு கல்யாணம் முடிந்ததும் இருவரும் விடுதியிலிருந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். வீட்டுக்கு வரவில்லை. வாங்க என்று கூப்பிட விசிலாருக்குத் துணிவு வரவில்லை; அவர்களும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது நீங்க கைய ஆட்டினீங்களா என்று பிறகு மனைவி கேட்டதற்கு, நினைவில்லை என்றார். மறுநாள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி முள்ளை ஏழு நிமிடம் பின்னால் தள்ளினார். ஒரு வாரம் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் பிசகிற்று.

பிறகு ஒரு கடிதம் வந்தது. உள்ளே அந்தத் தாள் இருந்தது. ஒவ்வொரு வண்டி நேரத்திலும் பென்சிலால் ஏழைக் கழித்து எழுதியிருந்தது. ஏரிக்கரை டீக்கு எதிரே "சுமார்" அடிக்கப்பட்டு "மோசம்" என்றிருந்தது. கடிதம் இரண்டு வரியில் முடியவில்லை.

"அண்ணே, அந்த ஊரில் பிறந்தவளுக்கு டிப்போ மணி மறக்குமா? அவர்தான் அச்சடித்த நேரம் தப்பாது என்றார். வண்டி கிளம்புகிறது என்று தெரிந்ததும் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் நடந்தேன். விட்டுவிட்டுப் போன வண்டிக்காக நீ ஒரு தடவையாவது திரும்பி வருவாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ வந்தாய். ஜூலையில் பத்து நாள் உன் வீட்டில் தங்க வருகிறோம். அந்த மீன் கடைக்குக் கூட்டிப் போ. இனிமேல் கடிதம் வேண்டாம், போன் பண்ணு."

விசிலார் இரண்டு தடவை படித்தார். பிறகு நோட்டை எடுத்து, தபால் பக்கத்தில் எண் 22 என்று போட்டு, சுவரில் மணி பார்த்து 11.33 என்று எழுதி, பக்கத்தில் தேதியைக் குறித்தார்: ஜூன் 11.