பிளாஸ்டிக் புல்லில் பூத்த கோரை

நாலாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சுமந்து தொடங்கி, இன்று உதியன்குளங்கரையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் வீட்டு முற்றங்களில் கல் பாவுகிற காண்ட்ராக்டராக நிற்கிறேன். மழைக்காலத்தில் காலில் சேறு ஒட்டாத முற்றம் எங்கே கண்டாலும் அது என் வேலையாக்கும்.

அப்படிப்பட்டவன் சொந்த முற்றத்தில் பிளாஸ்டிக் புல் விரித்ததற்குக் காரணம் உண்டு. நர்சாக இருக்கிற என் மகள், கூட வேலை பார்க்கிற பையனை விரும்பினாள். பையனுடைய அப்பா ஆரியங்கோட்டுக்காரர், விவசாய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாலாம் கிளாசுக்காரன் வீட்டிலா சம்பந்தம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார். என் முற்றத்தில் ஒரு களை கண்டால் பேரையே மாற்றிக்கொள்வேன் என்று நான் போனில் அடித்துவிட்டேன். மகள் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, அவரு வரும்போ பெருமை பேசிக் கெடுத்துராதீங்க."

முற்றத்தை உயர்த்த வயல்மண் அடித்திருந்தேன். அதில் கோரைக்கிழங்கு கிடக்கும் என்று தெரியாதவனா நான்? விவசாய ஆபீசர் கண்ணுக்குப் பச்சை தெரியட்டும் என்று மேலே பிளாஸ்டிக் புல் விரித்தேன்; அதற்கு அடியில் கிடந்து கோரை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் வெள்ளறடை வேலையில் கிடந்துவிட்டு, அவர் வருகிற அன்று காலையில் பார்த்தால், விரிப்பைத் துளைத்துக்கொண்டு கோரை ஊசி ஊசியாக நிற்கிறது. நானும் மனைவியும் முட்டுகுத்தியிருந்து கத்தரிக்கோலால் வெட்டினோம். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைக்குள் பச்சை, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். படித்தவள் மாதிரி ஒரு யோசனை. மிச்சத்தை அப்படியே விட்டோம்.

ஆபீசர் வெள்ளை வேட்டியில் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாயா குடித்தார். முற்றத்தின் மூலைக்குப் போய்க் குனிந்து, பூத்து நின்ற ஒரு தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினார். புல்லென்றால் வழுவழுவென்று உருளும். கோரைக்கு மூன்று மூலை, விரலில் தட்டும்.

"அண்ணே, உங்க பிளாஸ்டிக்கு பூக்குமா?"

"புது மாடலாக்கும் சார்" என்றேன். வாசலில் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் விடவில்லை. கிழங்கோடு எடுக்காவிட்டால் போகாது என்று ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். என் முற்றத்தில் இன்னொருவர் களை பறிக்கவா? நானும் பிடித்தேன். கோரை அந்த விரிப்பை மண்ணோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தது. ஒரே இழுப்பில் மொத்தமும் பெயர்ந்து வர, நாங்கள் இரண்டுபேரும் அடியில் கிடந்த சேற்றில் மல்லாக்க விழுந்தோம்.

முதலில் மகளுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு என் மனைவி, பிறகு பையன். ஆபீசர் கையில் கிழங்குமாலை தொங்கியது. ஊருக்கெல்லாம் களைக்கு மருந்து சொன்ன தன்னையே தன் வீட்டு முற்றத்தில் தோற்கடித்த ஐட்டமாக்கும் இது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே எனக்குக் கை நீட்டினார்.

"எழும்பும் சம்பந்தி. பேரை என்னான்னு மாத்தப்போறீரு? கல்யாண லெட்டர்ல அடிக்கணுமே."

பழைய பேரையேதான் அடித்தோம். பிளாஸ்டிக்கைத் துளைத்துப் பூக்கிற கோரை என் முற்றத்தில் அல்லாமல் வேறு எவன் முற்றத்தில் முளைக்கும்?