ஒடிந்தது சுள்ளிதான்

கீரைத்தண்டு ஒடிவது போல ஒரு சத்தம். நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம், மாட்டு வண்டியில் வந்தவரை நாலு பேர் கையையும் காலையும் பிடித்து இறக்கியபோது கேட்டது. வண்டிப் பலகையா, அவர் கழுத்தா என்று யாரும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு சங்கரன்கோவிலில் ஆம்புலன்ஸ் வேலைக்கு ஏறியபோதும் அந்தச் சத்தம் கூடவே ஏறிக்கொண்டது. ஆம்புலன்ஸ் நர்ஸின் பாதி வேலை, உதவிக்கு ஓடி வருகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்துவது. அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

பன்னீர் சோடா

பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்கிலிருந்து விழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கடைக்காரர் சோடாவை உடைத்து வாயருகே கொண்டுபோய்விட்டார். ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தால் குடித்தது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று தடுத்தேன். கூட்டம் என்னைத்தான் முறைத்தது. கடைக்காரர் கேட்டார்:

“யக்கா, தாகத்துக்குத் தண்ணி குடுக்காதன்னு எந்தக் காலேஜ்ல படிச்சிய?”

உட்கார்ந்துதான் வருவார்

இளையரசனேந்தல் பக்கம், ஆட்டுக்குக் குழை ஒடிக்க வாகை மரம் ஏறிய முருகையா விழுந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் தூக்கி மரத்தில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். காலில் எறும்பு ஊறுகிறது என்றார். எறும்பு இல்லை; முதுகெலும்பில் அடி. இனி ஓர் அசைவு தப்பினால் நடையே போய்விடும். படுக்க வைத்துத் தூக்கும் பலகையை எடுத்ததும் அவர் மனைவி குறுக்கே நின்றாள்:

“அவுகளப் படுக்கப் போட்டுத் தூக்குனா பொணம்னுல்லா ஊரு நெனைக்கும்? ஒக்காந்துதான் வருவாக.”

வீட்டுக்கு வீடு

முகத்தை மூடமாட்டேன், வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வரலாம் என்று சொன்ன பிறகுதான் விலகினாள். அவருடைய கம்பளியையே சுருட்டிக் கழுத்துக்கு இருபுறமும் அணை கொடுத்து, நாலு பேர் ஒரே மூச்சில் பலகைக்கு மாற்றினோம். அப்போது சடக்கென்று ஏதோ ஒடிந்தது. குனிந்து பார்த்தேன், காலடியில் வாகைச் சுள்ளி கிடந்தது. அதுவாகத்தான் இருக்கும்.

தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். முருகையா கழுத்தை அசைக்காமல், வானத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாசலுக்கும் கத்திக்கொண்டு வந்தார்:

“உசுரோடதாம்ல இருக்கேன்! ஒருத்தியும் அழுதுராதிய! ஏலே, ஆட்ட அடைங்கல!”

அவர் காலைக் கெடுத்தது மரமா, உட்கார வைத்தவர்களா, நானா என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை. முருகையா இடது காலை இழுத்து இழுத்து ஆடு மேய்க்கிறார்.